வழமை பெரிசா, எழுத்துப் பெரிசா? கொச்சி யூதரிடம் நாங்கள் படித்தது

போன மாதக் கூட்டம் ஒரு நாவலைப் பற்றிக் கதைப்பதற்காகத்தான் வைத்தது. பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், எங்களில் ஒருத்தியின் வீட்டு ஹோலில் எட்டுப் பேர் இருந்தோம். தேத்தண்ணி வந்தது, ரோல்ஸ் வந்தது, நாவல் மட்டும் வெளியில வரவே இல்லை. காரணம், கடைசியாக வந்து சேர்ந்த நண்பி. அவள் நொத்தாரிசு ஒருவரின் ஒஃபிசிலிருந்து நேரே வந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

கல்யாணத்துக்கு முன்னமே தன்ர சம்பளத்தில் கடன் எடுத்து, வெள்ளவத்தையில் சின்ன ஃபிளாட் ஒன்று வாங்கியிருந்தாள். இப்ப அதை விற்கவேணும். உறுதி அவளுடைய பெயரில். கடன் கட்டி முடித்ததும் அவள். ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். கணவன் ரொறொன்ரோவில். அங்கே கையெழுத்துப் போட்டு, அதை உறுதிப்படுத்தி, தபாலில் இங்கே வந்து சேரவேணும். "ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். "தங்கச்சி, நீங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். உங்கட வழமை அப்பிடி" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த வசனம்தான் அன்றைக்கு எங்களைப் பிடித்துக்கொண்டது. "எங்கட வழமையா? எங்கட அம்மம்மாவுக்குத் தெரியாத வழமை எப்பிடி எங்கட வழமை ஆகும்?" என்று ஒருத்தர் கேட்டார். "புத்தகத்தில இருந்தால் அது சட்டம். ஆக்கள் செய்தால்தான் வழமை" என்றார் இன்னொருத்தர். எழுத்து பெரிசா, வழமை பெரிசா என்று பத்து மணிவரை சண்டை.

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிக காலமாக, அதிக பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சமூகம் எது என்று பிறகு தேடிப் பார்த்தோம். யூதர்கள் என்று தோன்றுகிறது. அதிலும் எங்களுக்கு மிகப் பக்கத்தில், கொச்சியிலும் கொங்கணத்திலும் இருந்த யூதர்களின் கதையைப் படித்தபோது, எங்கட ஹோல் சண்டையைத்தான் வேறு பெயர்களில் படிக்கிறோம் என்று பட்டது. அதனால் இந்தக் கட்டுரை.

மறந்துபோன ஆசிரியரும் ஆட்டின் கம்பளியும்

யூதர்களை 'புத்தகத்தின் மக்கள்' என்று சொல்வார்கள். தோரா இருக்கிறது. அதற்கு மேல் வாய்மொழியாக வந்த சட்டங்கள் கி.பி. 200 அளவில் மிஷ்னா என்று தொகுக்கப்பட்டன. அதன்மேல் நடந்த விவாதங்கள் தல்மூத் ஆயின. ஆக எல்லாம் எழுத்து, எழுத்தின்மேல் எழுத்து என்றுதான் வெளியில் இருந்து பார்க்கத் தெரியும்.

ஆனால் அந்தத் தல்மூத்துக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. பஸ்கா பண்டிகைக்கு முதல்நாள் ஓய்வுநாளான சனிக்கிழமையில் வந்துவிடுகிறது. அன்றைக்குப் பலி கொடுக்கலாமா என்று பெரியவர்களுக்கு மறந்துபோச்சு. பாபிலோனிலிருந்து வந்த ஹில்லெல் என்பவரைக் கேட்கிறார்கள். அவர் வேதத்திலிருந்து வாதங்களை அடுக்கி, கொடுக்கலாம் என்று நிறுவுகிறார். உடனே அவரையே தலைவராக்கிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி: ஓய்வுநாளில் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதே, முதல்நாளே கத்தியைக் கொண்டுபோய் வைக்க மறந்தவன் என்ன செய்வான்? இதற்கு ஹில்லெலிடமும் பதில் இல்லை. கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டேன் என்கிறார். ஆனால் சனங்களை விடுங்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம் என்கிறார். மறுநாள் பார்த்தால், செம்மறி கொண்டுவந்தவர்கள் கத்தியை அதன் கம்பளிக்குள் செருகி வந்தார்கள். வெள்ளாட்டுக் குட்டி கொண்டுவந்தவர்கள் அதன் கொம்புகளுக்கு இடையில் செருகி வந்தார்கள். அதைக் கண்டதும்தான் தன் ஆசிரியர்கள் சொல்லித் தந்த விதி அவருக்கு ஞாபகம் வருகிறது.

பெரிய அறிஞர் மறந்துபோனது ஆடு ஓட்டிவந்த சாதாரண ஆட்களின் கையில் இருந்திருக்கிறது. இப்படி சமூகத்தின் நடைமுறையில் நிற்கிற சட்டத்துக்கு எபிரேயத்தில் 'மின்ஹாக்' என்று பெயர். வழக்கம், வழமை. மிஷ்னாவே ஊருக்கு ஊர் வழமை மாறும் என்று ஏற்றுக்கொள்கிறது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறவன், விட்டுவந்த ஊரின் கட்டுப்பாட்டையும் வந்த ஊரின் கட்டுப்பாட்டையும் மதிக்கவேணும், சண்டை வராத மாதிரி நடக்கவேணும் என்கிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்த சமூகம் எழுதிய விதி இது. எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதேநேரம் வழமையை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ரப்பேனு தாம் என்ற அறிஞர் சொன்னதாக ஒரு சொல்விளையாட்டு உண்டு. 'மின்ஹாக்' என்ற சொல்லின் எபிரேய எழுத்துக்களைப் பின்னாலிருந்து வாசித்தால் 'கெஹின்னோம்', அதாவது நரகம் என்று வரும். மூட வழமையைப் பிடித்துத் தொங்கினால் போய்ச்சேரும் இடம் அதுதான் என்பது அதன் பொருள்.

1565இல் வெனிசில் ஒரு சட்டநூல் அச்சாகி வந்தது. சாஃபேத் நகரத்து யோசேப் காரோ எழுதியது. பெயர் 'ஷுல்கான் ஆரூக்', அதாவது பரிமாறத் தயாராக வைத்த மேசை. போலந்தின் கிராக்கோவில் இருந்த மோசே இசர்லெஸ் அதைப் படித்துவிட்டு, எங்கள் பக்கத்து வழமைகள் இதில் இல்லையே என்று குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அவருடைய குறிப்புகளுக்குப் பெயர் 'மப்பா', மேசைவிரிப்பு. அன்றிலிருந்து இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. மேசை எழுத்து என்றால் விரிப்பு வழமை. சரி, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மேசையில் இருக்க யாருக்கு இடம் கிடைத்தது? அதற்குக் கொச்சிக்குப் போகவேணும்.

செப்பேடும் முதலியாரும்

சுமார் கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேட்டில் உரிமைகள் எழுதிக் கொடுத்தான். வட்டெழுத்தில் இருக்கிறது அந்தச் செப்பேடு. அதன் மொழி, தமிழும் மலையாளமும் பிரிந்தும் பிரியாமலும் இருந்த காலத்து மொழி. பல்லக்கு, குடை, பகல்விளக்கு, பாவாடை என்று 72 உரிமைகள். 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் கூட்டத்தின் உரிமையும் அதில் அடக்கம். அதே அஞ்சுவண்ணம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகிறது. ஆக இந்த யூதர்கள் எங்கோ தூரத்து ஆட்கள் அல்ல. எங்கட கடலில் வியாபாரம் செய்த ஆட்கள். 1154இல் எழுதிய அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி, இலங்கை அரசனின் ஆலோசகர் பதினாறு பேரில் நான்கு பேர் யூதர் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

கொச்சியில் ரபிகள் என்ற முறைப்படியான மதகுருமார் இருக்கவில்லை. கற்றறிந்த மூத்தவர்கள் இருந்தார்கள். சமூகத் தலைவரை அரசர் அங்கீகரித்தார். அவருக்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார். கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏன் என்று கீழே வரும்.

அவர்களுடைய வாழ்க்கை எழுத்தும் வழமையும் பின்னிக் கிடந்த வாழ்க்கை. பஸ்காவுக்குப் புளித்த மா எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது எழுத்து. ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்கள் இன்னும் ஒரு படி போய், அந்த எட்டு நாளும் சோறும் பருப்பும் கூடத் தொடமாட்டார்கள். அது அவர்களின் மின்ஹாக். கொச்சியிலோ சோறு இல்லாமல் என்ன பண்டிகை? சோறு உண்டு. ஆனால் அந்த அரிசியை வீட்டுப் பெண்கள் மணி மணியாகப் பார்த்துத் துப்பரவு செய்வார்கள். பண்டிகைக்கு மாதக்கணக்கில் முன்னமே வேலை தொடங்கிவிடும். விதியின் கடுமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. கடுமையைக் காட்டிய இடம்தான் வேறு, அதுவும் சுளகுக்கு முன்னால்.

கல்யாணத்தில் எபிரேய எழுத்தில் எழுதிய திருமண ஒப்பந்தமும் இருந்தது, தாலியும் இருந்தது. 'கெத்துபா' என்ற ஒப்பந்தத்தை எந்த நாட்டு யூதரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தாலியை நாங்கள் அடையாளம் கண்டுகொள்வோம். பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டினார்கள், கொப்பிகளில் எழுதிவைத்தார்கள், கல்யாண வீட்டிலும் ஜெப ஆலயத்திலும் ஆண்கள் இருக்கும்போதே பாடினார்கள். பெண்ணின் பாட்டுக் குரலை ஆண் கேட்கக் கூடாது என்று சட்டநூல்களை வாசிக்கிறவர்கள் உலகின் வேறு பக்கங்களில் இருந்தார்கள். கொச்சியில் அந்தக் கேள்வி எழுந்ததாகவே தெரியவில்லை.

இதுவரைக்கும் வாசித்தபோது, எங்களில் பலர் வழமையின் பக்கம் சாய்ந்துவிட்டோம். எழுத்து இறுக்கம், வழமை இளக்கம். எழுத்து ஆண்களுடையது, வழமை பெண்களுடையது. இப்படி ஒரு வசதியான முடிவு கையில் வந்துவிட்டது. அடுத்ததாகப் படித்தது அதை உடைத்தது.

எழுத்து சொன்னதை வழமை கேட்கவில்லை

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களும் வேறு நாட்டு யூதர்களும் கொச்சிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பரதேசிகள். 1568இல் மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பக்கத்தில், ஜெப ஆலயம் கட்டினார்கள். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிற, நீலச் சீன ஓடு பதித்த ஆலயம் அதுதான். கொஞ்சக் காலத்திலேயே அவர்கள் தங்களை 'மெயுஹாசிம்', வம்சம் உள்ளவர்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். நூற்றாண்டுகளாக அங்கேயே இருந்த மலபார் யூதர்களைக் 'கறுப்பு யூதர்' என்றும் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்றும் சொன்னார்கள். தங்கள் ஆலயத்துக்குள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் பிள்ளைகள் என்று ஒரு பிரிவினரை 'மெஷுஹ்ராரிம்' எனத் தனியே வைத்தார்கள். அவர்களோடு கல்யாணம் இல்லை. தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. உள்ளே ஆசனத்தில் இருக்க விடுவதில்லை, முன்மண்டபத்திலோ தரையிலோதான் இடம்.

கவனியுங்கள், ஊருக்குப் பழையவர்களைப் புதிதாக வந்தவர்கள் கீழே தள்ளியிருக்கிறார்கள். செப்பேடும் கடைசியில் பரதேசிகளின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தப் பிரச்சினை சுமார் 1520 அளவிலேயே கெய்ரோவுக்குப் போனது. அங்கே தலைமை ரபியாக இருந்த டேவிட் இப்னு ஸிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள். பணமும் செல்வாக்கும் உள்ள ஒரு சிறு பகுதியினர் மற்றவர்களை அடிமைகள் என்று சொல்லிக் கல்யாணம் செய்ய மறுக்கிறார்கள், இதற்குச் சட்டம் என்ன? அவருடைய பதில் தெளிவானது. முறைப்படி நீராடி மதத்துக்குள் வந்து, விடுதலையும் பெற்றவர்கள் முழு யூதர்கள். அவர்களோடு கல்யாணம் செய்யலாம். பிறகு அலெக்சாந்திரியாவின் யாக்கோபு காஸ்த்ரோவும் இதையே சொன்னார்.

ஆக அந்தக் காலத்தின் பெரிய சட்ட அறிஞர்கள் இரண்டு பேர் எழுத்தில் சொல்லியாகிவிட்டது. கொச்சியில் என்ன மாறியது? ஒன்றும் இல்லை. ஏறத்தாழ நானூறு வருஷம் ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு பஸ்காவிலும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கதையை வாசித்தபடியே, பக்கத்தில் இருந்தவனை அடிமை என்று சொல்லித் தரையில் இருத்தினார்கள். கேட்டால், இங்கே வழமை இப்பிடித்தான்.

அந்த வழமை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. தோராவில் சாதி இல்லை. கேரளத்துத் தெருவில் இருந்தது. தாலி வந்த அதே வாசலால்தான் தீண்டாமையும் வந்தது. எங்களுக்குச் சங்கடமான உண்மை இதுதான். சுற்றியிருக்கிற சமூகத்தோடு கலந்து வாழ்வது அழகு என்று ரசிக்கிற நாங்கள், கலக்கும்போது என்னென்ன சேர்ந்து வருகிறது என்று பார்ப்பதில்லை.

இதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஆப்ரஹாம் பராக் சேலம் (1882–1967). மெஷுஹ்ராரிம் பிரிவைச் சேர்ந்தவர். சென்னையில் சட்டம் படித்தார், கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போனார். 'யூதக் காந்தி' என்று ஊர் அவரை அழைத்தது. காந்தியின் சத்தியாக்கிரக முறையை அவர் தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். இருக்கக் கூடாது என்ற ஆசனத்தில் இருப்பதே அங்கே போராட்டம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தடைகள் உடைந்தன. 1950இல் அவருடைய மகன் பால்ஃபர், பரதேசிகளில் செல்வாக்கான கோடர் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தபோது, அந்தக் கல்யாணம் கொச்சியில் அல்ல, பம்பாயில் நடந்தது. கெய்ரோ ரபி 'செய்யலாம்' என்று எழுதி நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அதே பிரிவைச் சேர்ந்த ரூபி டேனியல் (1912–2002) தன் நினைவுகளை 'ரூபி ஒஃப் கொச்சின்' என்று 1995இல் நூலாகக் கொண்டுவந்தார். நூல் எழுதி வெளியிட்ட முதல் கொச்சி யூதப் பெண் அவர். பாட்டுக் கொப்பிகளில் பெண்கள் எழுதிவைத்த மரபின் தொடர்ச்சியாகவே அதைப் பார்க்கிறோம். ஒதுக்கப்பட்டவர்களின் பக்கத்து வழமை எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமானால், அவர்களே எழுதவேணும்.

எழுத்து இல்லாதவர்களும் எழுத்தின் பரீட்சையும்

கொச்சி ஒரு முனை என்றால், கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயேல் மற்ற முனை. மராத்தி பேசுகிறவர்கள். எண்ணெய் ஆட்டுகிற தொழில். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். தல்மூத் அவர்களிடம் இல்லை. எபிரேயமும் மறந்துபோயிருந்தது. மிஞ்சியது சனிக்கிழமை ஓய்வு, ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், சில உணவு விதிகள், ஒரே ஒரு அடிப்படைப் பிரார்த்தனை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திலிருந்து மைமோனிடஸ் எழுதிய கடிதம் ஒன்றில்கூட, இந்திய யூதர்களுக்கு ஓய்வுநாளும் எட்டாம் நாள் விருத்தசேதனமும் தவிர ஒன்றும் தெரியாது என்ற குறிப்பு வருகிறது.

அவர்களைப் பற்றி ஒரு மரபுக்கதை சொல்வார்கள். தாவீது ரஹாபி என்று ஒருவர் வருகிறார். இவர்கள் உண்மையில் யூதர்தானா என்று அவருக்குச் சந்தேகம். வேதம் கேட்டுப் பார்க்கவில்லை, மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்கிறார். பெண்கள் செதிலும் செட்டையும் உள்ள மீனை எடுத்துக்கொண்டு, மற்றதை ஒதுக்கிவைக்கிறார்கள். அதைச் சாப்பிடமாட்டோம் என்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்துபோகிறது. ஹில்லெலின் ஆட்டுக் கம்பளிக்குள் இருந்தது இங்கே மீன்சட்டிக்குள் இருந்தது.

இந்தக் கதைக்கு ஒரு கசப்பான மறுபக்கம் இஸ்ரேலில் நடந்தது. 1948க்குப் பிறகு பெனே இஸ்ராயேல் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினார்கள். அங்கே கல்யாணம் பதிவதே தலைமை ரபிமன்றத்தின் கையில். 1960களின் தொடக்கத்தில், இவர்கள் வேறு யூதரைக் கல்யாணம் செய்வதானால் பரம்பரையை விசாரிக்கவேணும் என்று தலைமை ரபி இட்சாக் நிசிம் காலத்தில் கட்டளை வந்தது. காரணம் எழுத்திலிருந்து சொல்லப்பட்டது. நூற்றாண்டுகளாகச் சட்டநூல் இல்லாமல் இருந்தவர்கள், விவாகரத்தைச் சட்டப்படி செய்திருப்பார்களா? செய்யாவிட்டால், மறுமணத்தில் பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன?

புத்தகம் இல்லாமலே இத்தனை நூற்றாண்டு தங்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களிடம், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'நீங்கள் எங்கட ஆக்கள்தானா?' என்று கேட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964இல் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று அரசாங்கம் சொன்னது. அவர்களைப் பெயர் குறித்துச் சுட்டிய அந்தக் கட்டளையை ரபிமன்றம் மாற்றவேண்டி வந்தது.

கொச்சியில் எழுத்து நியாயம் சொன்னது, வழமை ஒடுக்கியது. இங்கே வழமை காப்பாற்றியது, எழுத்து ஒடுக்கப் பார்த்தது. அப்படியானால் எது பெரிசு என்ற கேள்வியே பிழையோ என்று எங்களுக்கு இந்த இடத்தில்தான் பட்டது.

அம்மாவின் சமையலறை எப்போது புத்தகமானது?

1994இல் ஹைம் சொலொவேச்சிக் என்ற யூத வரலாற்றாசிரியர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பழைய யூத வாழ்க்கையில் மதம் என்பது பார்த்துப் பழகுவது என்கிறார். அம்மாவின் சமையலறையில் எந்தப் பாத்திரம் எதற்கு என்று புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை. குடிபெயர்வும் நாசிகளின் படுகொலையும் அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. பார்த்துப் பழக வீடு இல்லாதபோது, பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள். புத்தகத்தில் மட்டும் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் கூடும், சந்தேகம் கூடினால் கட்டுப்பாடும் கூடும். பண்டிகைக்குச் சாப்பிடவேண்டிய அப்பத்தின் அளவுகூட முன்னைவிடப் பெருத்துப்போனது. தாத்தா கண்ணளவில் சாப்பிட்டதைப் பேரன் அளந்து சாப்பிட்டான்.

இதை வாசித்தபோது எங்களில் யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. எங்களில் பாதிப் பேரின் பெற்றோர் ஊரை விட்டு வந்தவர்கள். மூன்று பேருக்குத் தங்கள் ஊர்க் கோயில் வழமை தெரியாது. கோயிலே இல்லாமல் போன ஊரும் உண்டு. ஆடிவேல் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வருகிற பாதையை எந்தப் புத்தகத்தையும் பார்த்து யாரும் கற்கவில்லை, அது கால்களுக்குத் தெரியும். ஆனால் 1983க்குப் பிறகு பிறந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 'எங்கட வழமை' என்பது பெரும்பாலும் யாரோ சொல்லிக் கேட்டது. செத்தவீட்டில் என்ன செய்யவேணும் என்று நாங்களும் இப்ப யூடியூப் பார்க்கிறோம். தாய்மார் 'கொஞ்சம்' என்று சொன்ன இடத்தில் எங்களுக்கு நிமிஷக் கணக்கு தேவைப்படுகிறது.

திரும்பவும் நொத்தாரிசின் மேசை

இனி நண்பியின் ஃபிளாட்டுக்கு வருவோம். அவளுக்குச் சொல்லப்பட்ட 'வழமை' எது? தேசவழமை. பெயரிலேயே வழமை. ஆனால் அது ஒரு எழுத்து.

1706இல் ஒல்லாந்த ஆளுநர் கோர்னெலிஸ் யோவான் சிமோன்ஸ், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்கச் சொன்னார். வழக்குத் தீர்க்கிற நீதிபதிகளுக்குக் கைநூல் தேவைப்பட்டது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை டச்சு மொழியில் எழுதி 1707 ஜனவரியில் கொடுத்தார். தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டினார்கள். சரிதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது சட்டமானது. பிரித்தானியர் 1806இல் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை உறுதிப்படுத்தினார்கள்.

மேலே முதலியார் என்ற சொல்லில் சிரிப்பு நின்றது என்று சொன்னோமே, அது இதனால்தான். பன்னிரண்டு பேரும் ஆண்கள், பன்னிரண்டு பேரும் பதவியில் இருந்தவர்கள். அந்த நூலில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயர் சொல்லியே. அவர்களில் ஒருத்தரிடம் இந்த நூலைக் காட்டிச் 'சரியா?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 1844இல் இலங்கையில் அடிமைமுறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தப் பகுதி செத்தது. ஆனால் ஒடுக்குகிறவனின் வழமை 'நாட்டின் வழமை' என்று எழுதப்பட்டது மாறவில்லை.

இன்னும் ஒரு விஷயம். நண்பிக்குத் தடையாக நிற்கிற விதி உண்மையில் ஐசாக்ஸின் 1707 நூலைவிட, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் கட்டளைச் சட்டத்தில்தான் நேரடியாக இருக்கிறது. மனைவியின் சொத்து அவளுடைய தனிச் சொத்து என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். அசையாச் சொத்தானால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். கணவன் விட்டுவிட்டுப் போன நிலைமை மாதிரியான காரணங்களுக்கு மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். இது வடமாகாணத்தோடு நிரந்தரத் தொடர்புள்ள தமிழருக்கான ஆள்சார் சட்டம். ஆகவே ஆள் எங்கே போனாலும் கூடவே வரும், காலி வீதிக்கும்.

அதாவது, அம்மம்மா சொன்னதும் இல்லை, ஊர் கூடித் தீர்மானித்ததும் இல்லை. ஒரு ஒல்லாந்த அதிகாரி எழுதி, பன்னிரண்டு முதலியார்கள் தலையாட்டி, ஒரு குடியேற்ற அரசாங்கம் நூற்றுப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் திருத்திய எழுத்து. அதைத்தான் 'உங்கட வழமை' என்று அவளிடம் சொன்னார்கள்.

இதற்காக வழமையையே தூக்கி எறியச் சொல்லவில்லை. தேசவழமை பெண்ணுக்குத் தனிச் சீதனச் சொத்தை ஒப்புக்கொண்ட மரபு, அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் மனைவிக்குக் கிடைக்காதது. இதையும் சொல்லவேணும். எழுதினதால் எல்லாம் கெட்டது என்றும் இல்லை. எழுதியிருப்பதால்தான் இன்றைக்கு நாங்கள் அதை எடுத்து வாசித்து, எந்த வரி யாருடையது என்று கேட்க முடிகிறது.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர், சுமார் 2,500 பேர், 1950களில் இஸ்ரேலுக்குப் போனார்கள். மட்டாஞ்சேரியில் இன்று விரல்விட்டு எண்ணினாலும் ஒரு கைக்கு வேலை இல்லை. இஸ்ரேலில் கொஞ்சக் காலம் அந்தப் பெண்களின் பாட்டும் அடங்கிப்போனது. பிறகு ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜோன்சன் போன்ற ஆய்வாளர்கள் கொப்பிகளைத் தேடித் தொகுத்தார்கள், பாட்டிமார் திரும்பப் பாடினார்கள். அந்தக் கொப்பிகள் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். அவையும் எழுத்துத்தான். ஆனால் வழமையை வாழ்ந்தவர்களே எழுதிய எழுத்து. அதிகாரி எழுதி முதலியாரிடம் ஒப்பம் வாங்கியது அல்ல.

எனவே அடுத்த தடவை யாராவது 'எங்கட வழமை இது' என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்பது என்று அன்றைய கூட்டத்தில் முடிவெடுத்தோம். இதைச் செய்தது யார்? எழுதியது யார்? எழுதும்போது அறைக்கு வெளியில் நின்றது யார்? சட்டநூலுக்கும் இதே மூன்று கேள்விதான். ஆயிரம் வருஷச் செப்பேட்டுக்கும் இதேதான்.

நண்பியின் தபால் இரண்டு கிழமையில் வந்தது. கையெழுத்து இருந்தது. ஃபிளாட் விற்றாகிவிட்டது. "அவர் உடனேயே அனுப்பிட்டார், பாவம், அவரில ஒரு பிழையும் இல்லை" என்றாள். பிறகு, "ஆனா அனுப்பாம விட்டிருந்தா?" என்றாள். நாவலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அதற்கு முன்னர் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒருக்கா எல்லாரும் முழுசாக வாசித்துவிட்டு வருவது என்று பேச்சு. நீங்களும் வாசியுங்கள். உங்கட வீட்டிலும் அதற்குள் அகப்பட்ட ஆக்கள் இருக்கலாம்.